பத்து வயதில் அழைத்து வரவும்

நர்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி, இப்போதைய ஹெட் நர்ஸ் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனாள். "நீங்க ஆரம்பிச்ச கிளினிக்தானே சிஸ்டர், அது எப்படி ஆரம்பிச்சதுன்னு எழுதுங்க. புள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றாள். நான் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு இப்படிச் சொன்னாள். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது நான் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு சீட்டைப் பற்றியும், வாயைத் திறந்து சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்களைப் பற்றியும். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

காது சரியாக அமையாமல் பிறந்த குழந்தைகளை எல்லா டாக்டர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்களே, அது சும்மா வந்துவிடவில்லை. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது, இதே மைசூர் ஆஸ்பத்திரி. காது மடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் தசை மொட்டு மட்டும் இருக்கும், துளை இருக்காது. அப்படிப் பிறந்த குழந்தையைக் காது டாக்டர் ஒரு நாள் பார்ப்பார். பெங்களூரிலிருந்து வந்து போகும் சர்ஜன் இன்னொரு நாள் பார்ப்பார். யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குத் தோல் ஒட்டிப் பழகியவர் அவர். செவிடர் பள்ளி டீச்சர் வேறொரு நாள் வருவாள். குண்டலுபேட்டையிலிருந்தும் கொள்ளேகாலிலிருந்தும் விதைப்பு வேலையை விட்டு, களையெடுப்பை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வர வேண்டும். மூன்றாவது தடவை வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் மூன்று பேரிடமும் சண்டை போட்டேன். காது டாக்டர், "அந்த மனுஷனுக்காக நான் ஏன் காத்துக் கிடக்கணும்?" என்றார். சர்ஜன், "எனக்கு ரயில் நேரம்தான் கணக்கு" என்றார். டீச்சர் மட்டும் சரியென்று தலையை ஆட்டினாள். கடைசியில் இரண்டு மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். அன்றைக்கு மைசூர் முழுக்க எனக்குச் சொந்தமானது போல இருந்தது.

அந்த மேசையில் என் வேலை கடைசி வேலை. டாக்டர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசுவார்கள், டீச்சர் கன்னடத்தில் பேசுவாள். வந்தவர்களுக்குத் தமிழோ கன்னடமோ, ஏதோ ஒன்றுதான் தெரியும். எல்லாரும் பேசி முடித்ததும் நான் அந்தக் குடும்பத்தை வராந்தாவுக்கு அழைத்துப் போய், முடிவு இன்னது என்று சொல்லி அனுப்புவேன். "சிஸ்டர்கிட்ட விட்டா நாலு வார்த்தையில முடிச்சிடுவாங்க" என்று காது டாக்டர் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பாராட்டு என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாலு வார்த்தைக்கு மேல் சொல்வதே கேவலம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மாதேவி என்ற குழந்தை வந்தது அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. ஹனூர் பக்கத்துக் குடியானவக் குடும்பம், தமிழர்கள். அப்பன் கையில் குடை, அம்மா இடுப்பில் குழந்தை. குழந்தைக்கு இரண்டு வயது. இரண்டு பக்கமும் காது இல்லை, மொட்டுதான். வராந்தாவில் பத்துப் பதினைந்து தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மழை வேறு. குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று அழுதுகொண்டிருந்தன. மாதேவியும் அழுதாள். அவள் அம்மா, இருபது வயதுகூட இருக்காது, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் உச்சந்தலையில் தன் தாடையை அழுத்தி வைத்து ஏதோ பேசினாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. தாடையை எடுத்தாள், அது மறுபடியும் அழுதது. மறுபடியும் தாடையை வைத்தாள்.

எனக்குக் காலையிலிருந்தே எரிச்சல். நேரே போய் அவள் முன் நின்றேன்.

"ஏம்மா, குழந்தை தலையில தாடைய வச்சு ஏன் இப்படி அழுத்தறே? உச்சி மெத்துனு இருக்கும், தெரியாதா உனக்கு?"

"இல்லீங்க சிஸ்டர். இப்படி வச்சுப் பேசுனா அம்மிணி அழுவறத நிறுத்திக்குதுங்க. அதுக்குக் கேக்குதாட்டம் இருக்குதுங்க."

"காதே இல்லாத குழந்தைக்கு மண்டையிலயா கேக்கும்? உன் இஷ்டத்துக்கு வைத்தியம் பண்ணாதே. எடு முதல்ல."

சுற்றி இருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். அவள் புருஷன் என்னிடம், "நான் சொன்னா கேக்கறதில்லீங்க. பொழுதன்னிக்கும் இதே வேலைங்க" என்றான். அவள் தாடையை எடுத்துவிட்டு, முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு உச்சிக்குழி மூடியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். திட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் முறை வந்தது. உள்ளே காது டாக்டர் இசைக்கவை என்ற இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் குழந்தையின் காதருகே பிடித்தார். அது ரீங்காரம் போட்டது. குழந்தை அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. பிறகு அதே கவையை மறுபடி தட்டி, அதன் காம்பைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். பொத்தானைத் திருகிய கை அப்படியே நின்றது. கண் பெரிதாயிற்று. அவர் கவையை எடுத்ததும் குழந்தை அதை எட்டிப் பிடித்து, தானே தன் நெற்றிக்கு இழுத்தது.

உங்களுக்கு இது இன்று பாலபாடம். வெளிக்காதும் துளையும் அடைபட்டிருந்தாலும் உள்காது நன்றாக இருக்கும். சத்தம் எலும்பு வழியாகப் போனால் கேட்கும். அன்று எனக்கு அது பாதிதான் தெரியும். மீதியை அந்தக் குழந்தையின் கை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

டீச்சர் என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் சொன்னாள்: "பாருங்க சிஸ்டர், அந்தத் தாய் நமக்கு முன்னாலேயே வழியைக் கண்டுபிடிச்சிட்டா. தலையில தாடைய வச்சுப் பேசறதை நான் வரும்போதே பார்த்தேன். அதை விடவே கூடாதுன்னு சொல்லுங்க. விடிஞ்சதிலேருந்து தூங்கற வரைக்கும் அப்படியே பேசச் சொல்லுங்க. அஞ்சு வயசுக்குள்ள பேச்சு உள்ளே போகணும்." நான் திட்டியதை அவள் பார்க்கவில்லை போலும். பார்த்திருந்தால் என் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள், அவ்வளவு மரியாதைக்காரி.

ஆக, அந்த மேசையில் மூன்று முடிவுகள் ஆயின. மார்புக்கூட்டுக் குருத்தெலும்பை எடுத்துக் காது மடல் செய்யலாம், ஆனால் எலும்பு வளர வேண்டும், பத்து வயது ஆகட்டும் என்றார் சர்ஜன். எலும்பு வழியாகச் சத்தம் அனுப்பும் காது மெஷின் ஒன்றுக்குப் பெங்களூருக்கு எழுதுகிறேன், வந்தால் இந்தக் குழந்தைக்குத்தான் முதலில் என்றார் காது டாக்டர். மூன்றாவது டீச்சர் சொன்னது. மூன்றையும் எடுத்துக்கொண்டு நான் வராந்தாவுக்கு வந்தேன்.

கொள்ளேகால் பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை. எனக்குப் பின்னால் இன்னும் நாலு குடும்பம் காத்திருந்தது. அப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"காது எப்பங்க வெப்பீங்க?"

"பத்து வயசுல."

"எழுதிக் குடுத்துருங்க சிஸ்டர். மறந்துபோயிரும்."

ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதினேன்: பத்து வயதில் அழைத்து வரவும். அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். இரண்டு தடவை வாசித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மெஷினைப் பற்றி நான் சொல்லவில்லை. வருமோ வராதோ தெரியாத ஒன்றைச் சொல்லி எதற்கு ஆசை காட்ட வேண்டும், வந்த பிறகு தபால் கார்டு போட்டுக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன். இரக்கத்திலும் புத்தி கெட்ட இரக்கம் உண்டு.

தாடையைப் பற்றியும் சொல்லவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, பெண்களே. வாய் வரைக்கும் வந்தது. சற்று முன்பு நான் யார் யார் எதிரில் அவளைத் திட்டினேனோ, அவர்கள் அத்தனை பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில், நீ செய்ததுதான் சரி என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை வரும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை என்று ஒன்று எதற்கு வரும்? பத்து வயதில் வரச்சொல்லி எழுதிக் கொடுத்ததே நான்தானே.

"பேக பேக நடங்க, பஸ் போயிடும்" என்று விரட்டினேன். மழையில் மூன்று பேரும் ஒரே குடைக்குள் போனார்கள்.

மெஷின் வந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கார்டு போடலாம் என்று ரிஜிஸ்டரை எடுத்தேன். விலாசம் எழுத வேண்டிய இடத்தில் என் கையெழுத்தில் 'ஹனூர் பக்கம்' என்று இருந்தது. ஹனூர் பக்கம் எத்தனை ஊர், எத்தனை தோட்டம். தபால்காரன் என்ன ஜோசியனா? மெஷின் கொஞ்ச நாள் அலமாரியில் இருந்தது. பிறகு குண்டலுபேட்டைப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. டீச்சர் ஒருமுறை கேட்டாள், அந்தக் குழந்தை வரவில்லையா என்று. "வரலை டீச்சர். இந்த ஜனங்களுக்கு அக்கறை கிடையாது" என்றேன். ரிஜிஸ்டரில் அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்றும் எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன், பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழந்தையை யாரும் மறந்துவிடவில்லை. மெஷின் இல்லாவிட்டாலும் டீச்சர் வழிகாட்டியிருப்பாள் என்று காது டாக்டர் நினைத்துக்கொண்டார். தாய் வீட்டில் பேசிக்கொண்டிருப்பாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். சர்ஜனுக்குப் பத்து வயது வரை கவலை இல்லை. மூன்று பேருக்கும் நடுவில் இருந்தவள் நான் ஒருத்தி. மூன்று பேரை ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அறைக்கு வெளியே என்ன போய்ச் சேர்ந்தது என்பதுதான் காரியம்.

எட்டு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, வராந்தாவில் அந்தச் சீட்டை ஒருவர் என்னிடம் நீட்டினார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். காகிதம் பழுத்து, ஊதுவத்தி வாசனை அடித்தது. என் கையெழுத்து.

"பத்து முடிஞ்சு போன மாசங்க. நீங்க சொன்ன கணக்குத் தப்பாம கூட்டியாந்துட்டமுங்க" என்றார். அந்த அப்பன்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் அந்த அம்மா. அவளோடு ஒரு பெண், எண்ணெய் வைத்து வாரி, இரண்டு பின்னலையும் காதிருக்க வேண்டிய இடத்தை மறைத்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

என் புத்தியைப் பாருங்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். "சொன்ன சொல் தவறாம வந்தீங்களே, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு வேற என்ன வேணும்" என்றேன். அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்து, "உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பேச்சு அவ்வளவா வராதுங்க" என்றாள் அம்மா. "'ம்மா'ம்பா, 'வா'ம்பா, 'சோறு'ம்பா. எங்களுக்கு வெளங்குமுங்க. வேட்டுச் சத்தம், மேளம், அதெல்லாம் கேட்டாத் திரும்புவாங்க. காது வெச்ச பொறவு எல்லாம் சரியாயிரும்னுதானுங்க வந்தோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது வைத்தால் கேட்கும் என்று எட்டு வருஷம் இருந்திருக்கிறார்கள். சர்ஜன் வைக்கப்போவது மடல் மட்டும். அது கேட்காது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்ஜன் இரண்டு வருஷத்தில், பல ஆபரேஷனாகச் செய்து, வலது பக்கம் ஒரு மடல் அமைத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. மெஷினும் கிடைத்தது. டீச்சர் அவளை வைத்துக்கொண்டு மாடாக உழைத்தாள். மாதேவி கொஞ்சம் பேசக் கற்றாள். ஆனால் இரண்டு வயதில் தண்ணீராக உள்ளே போயிருக்க வேண்டியதைப் பத்து வயதில் கல் உடைப்பது போல உடைத்து ஏற்ற வேண்டியிருந்தது. அவள் பேச்சு அவள் வீட்டாருக்கும் டீச்சருக்கும் விளங்கும். கடைக்காரனுக்கு விளங்காது. கொள்ளேகாலில் பட்டு நூற்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நல்ல கைகாரியாம். நான் கெடுத்தது கெட்டதுதான்.

அதற்குப் பிறகு நான் யாரையும் நாலு வார்த்தையில் அனுப்பியதில்லை. யார் யார் என்ன சொன்னார்களோ அத்தனையும் தனித்தனி வரியாகச் சீட்டில் ஏறும். விலாசம் என்றால் கார்டு யார் கைக்குப் போனால் இவர்களுக்குச் சேரும் என்பது வரை கேட்பேன். கடைசியாக, "நாளைக்குக் காலையில வீட்டுல குழந்தைக்கு என்ன செய்வே, சொல்லு பார்ப்போம்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். சொல்லி முடிக்கும் வரை வராந்தாவை விட்டு விடமாட்டேன். நான் யாரையாவது திட்டியது தப்பு என்று தெரிந்தால், யார் எதிரில் திட்டினேனோ அவர்கள் எதிரிலேயே திருப்பி எடுத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் உயிர் போகும். பழகிவிடும்.

இதெல்லாம் எனக்கு எங்கே ஏறியது என்றால், அவர்கள் சீட்டோடு வந்த அதே செவ்வாய்க்கிழமை, அந்த அறைக்குள்ளே.

காது டாக்டர் கவையைத் தட்டி மாதேவியின் நெற்றியில் வைத்தார். பழையபடியே கண் பெரிதாயிற்று. டாக்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பரிசோதனைக்கென்று அலமாரியில் ஒரு மெஷின் இருந்தது. பெட்டியை மார்பில் தொங்கவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பில் படும்படி தலையில் பட்டையை மாட்டினாள் டீச்சர். மாட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசினாள். மாதேவி பயந்துபோய்ப் பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டாள்.

"பயப்படறா" என்றாள் டீச்சர். "தெரிஞ்ச குரல்ல ஆரம்பிக்கணும். அம்மா, நீங்க சின்னதுல அவ தலையில தாடைய வச்சுப் பேசுவீங்களே, அதே மாதிரி இப்பப் பேசுங்க." நான் அதைத் தமிழில் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அவள் நகரவில்லை.

"அதைய விட்டு எட்டு வருசமாச்சுங்களே" என்றாள். "சிஸ்டர் வேண்டாம்னாங்கல்லங்க. அன்னிக்கு ஊருக்குப் போனதிலிருந்து ஒருக்காக்கூட வெக்கலீங்க. அவ அழுதுக்கிட்டு என் கிட்ட வந்து தலைய நீட்டுவாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்குவேனுங்க. மூளைக்கு ஏதாச்சும் ஆயிருமின்னு."

நான் உச்சி என்று சொன்னது அவளுக்கு மூளையாகிப் பெரிதாகியிருந்தது. குழந்தை தலையை நீட்டி நீட்டிப் பார்த்து, எந்த வயதில் நீட்டுவதை விட்டதோ, அதை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

டீச்சருக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டாள். நான் கன்னடத்தில், ஒரு வார்த்தை விடாமல், அப்படியே சொன்னேன். இரண்டு டாக்டர்களுக்கும் இங்கிலீஷிலும் சொன்னேன். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் முழுதாக எடுத்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன். டீச்சர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த பட்டையை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்களை இல்லை, டீச்சரை இல்லை.

"வெக்கலாங்களா சிஸ்டர்?"

"வைம்மா" என்றேன். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. நீ செஞ்சதுதான் சரி. விடாமச் செய்யச் சொல்லி உன்கிட்ட சொல்லுன்னு அன்னைக்கே என்கிட்ட சொன்னாங்க. நான் சொல்லலை."

"அன்னிக்கேவா?" என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருக்கலாம், நாலு பேரைக் கூட்டிக் கத்தியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. மூலைக்குப் போய் மகளை இழுத்து முன்னால் நிறுத்தினாள். பெண் உயரமாகிவிட்டாள், அவள் தலை தாய்க்குக் கழுத்து வரை வந்தது. தாய் கொஞ்சம் குனிந்து, மகளின் உச்சந்தலையில் தாடையைப் பயந்து பயந்து வைத்தாள். பிறகு அழுத்தி வைத்தாள்.

"மாதேவி" என்றாள். "மாதேவி. அம்மா பேசறேன் சாமி."

அந்தப் பெண் அசையாமல் நின்றாள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, தாயின் தாடையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். தாய் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கப் பார்த்தபோது விடவில்லை. பிடித்து அப்படியே மறுபடியும் தன் தலையில் வைத்துக்கொண்டாள். தாய் பேசிக்கொண்டே இருந்தாள். ஆட்டுக்குட்டி போட்டது, தம்பி பள்ளிக்கூடம் போவது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது என்று எட்டு வருஷத்துப் பேச்சு. அப்பன் வாசலில் நின்று குடைக் காம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.